முகவரி மாறினால் தேடலில் பிடித்த இடம் என்ன ஆகும்?

தளத்தைப் புதிதாக வடிவமைக்கப்போகிறோம் என்று யாராவது சொன்னால், நிறம், எழுத்துரு, முகப்புப் படம் பற்றியெல்லாம் அப்புறம் பேசலாம் என்பேன். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பக்கங்களின் முகவரி மாறுமா, மாறாதா? மாறாது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. மாறும் என்றால், அந்த வேலையிலேயே முக்கியமான கோப்பு ஓர் எக்செல் ஷீட். இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதிய முகவரி. பார்க்க எந்த அழகும் இல்லாத அந்த ஷீட்டைப் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் தொடங்குகிறார்கள். சில இடங்களில் தொடங்குவதே இல்லை. ஆறேழு வருடம் எழுதிச் சேர்த்த தளம் ஒன்று, புது வடிவில் வெளிவந்த சில வாரங்களில் தேடலில் காணாமல் போனதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் அதே ஆட்கள், கட்டுரைகளும் அதே கட்டுரைகள். முகவரி மட்டும்தான் மாறியிருந்தது.

தேடுபொறிக்கு ஒரு பக்கம் என்றால் அதன் முகவரிதான். நமக்கு "அந்தக் கட்டுரை" என்று ஒன்று மனதில் இருக்கிறது. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது அதே கட்டுரை. கூகுளின் அட்டவணையில் அப்படி இல்லை. மற்ற தளங்கள் கொடுத்த இணைப்புகள், இந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று இத்தனை நாள் படித்துத் தெரிந்துகொண்டது, எவ்வளவு அடிக்கடி வந்து பார்க்க வேண்டும் என்ற கணிப்பு எல்லாம் முகவரியின் பெயரில்தான் பதிவாகின்றன. 1998இல் ஸ்டான்ஃபோர்டில், கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் விளக்கிய, பக்கங்களுக்கு மதிப்பிடும் முறையான பேஜ்ரேங்க்கின் அடிப்படையே, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பை ஒரு பரிந்துரையாக எண்ணுவது. கணக்கிடும் விதம் அதன் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் இணைப்பு இன்றைக்கும் ஒரு முகவரியைத்தான் சுட்டுகிறது. பாதையில் ஓர் ஆங்கிலச் சிற்றெழுத்து பேரெழுத்தானாலும், கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் அது வேறு முகவரி. வேறு முகவரி என்றால், எந்த வரவும் இல்லாத புதுக் கணக்கு.

பழைய கணக்கில் இருப்பதைப் புதுக் கணக்குக்கு மாற்றித் தரும் வழிதான் ரீடைரக்ட். பழைய முகவரியைக் கேட்டு வருபவரிடம் சர்வர், "அது இப்போது இங்கே இருக்கிறது" என்று புதிய முகவரியைச் சொல்லி அனுப்பிவிடுகிறது. கூடவே ஓர் எண்ணையும் சொல்கிறது. 301 என்றால் நிரந்தரமாக மாறிவிட்டது. 302 என்றால் இப்போதைக்கு மட்டும் அங்கே. உலாவியில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தவறு நடப்பதும் அதனால்தான். 301ஐப் பார்த்தால், தேடல் முடிவில் இனி புதிய முகவரியைக் காட்ட வேண்டும் என்பதற்கு வலுவான அடையாளமாகக் கூகுள் அதை எடுத்துக்கொள்கிறது. 302 அந்த அளவுக்கு வலுவில்லாத அடையாளம். பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்க அது இடம் கொடுக்கிறது. பல மென்பொருள்களில், எதையும் குறிப்பிடாமல் ரீடைரக்ட் எழுதினால் தானாக வருவது 302தான். ஆகவே எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ரீடைரக்ட் செய்தால் இணைப்பின் வலுவில் ஒரு பங்கு வழியிலேயே கசிந்துவிடும் என்று இந்தத் துறையில் நெடுநாள் பேசிக்கொண்டார்கள். 2016இல் கூகுளின் கேரி இல்யெஸ், 301, 302 போன்ற முந்நூறு வரிசை ரீடைரக்ட்களால் பேஜ்ரேங்க் இழப்பு இனி இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். எனவே ரீடைரக்ட் என்றாலே நஷ்டம் என்று பயப்பட வேண்டாம். அது இல்லாமல் போவதும், தப்பான இடத்துக்கு அனுப்புவதும்தான் நஷ்டம்.

மாற்றத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு நியாயமான நேரம் கொடுப்பவர்கள் குறைவு. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறவே மாறாது என்று 1998இலேயே வலியுறுத்தினார். முகவரிக்குள் ஆசிரியர் பெயர், பிரிவின் பெயர், மென்பொருளின் அடையாளம், கோப்பின் நீட்டிப்பு ஆகியவற்றை வைக்காதீர்கள் என்றார். காரணம் எளியது. ஆசிரியர் மாறுவார், பிரிவு கலைக்கப்படும், இன்று பிஎச்பி மொழியில் இருப்பது நாளைக்கு வேறொன்றுக்குப் போகும். முகவரியில் இவை ஒட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முகவரியும் உடைய வேண்டிவரும். அப்படி உடைந்தும் மறைந்தும் போனவை எத்தனை என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது: 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடம் கழித்து எட்டாத நிலையில் இருந்தன என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது.

டொமைன் (தளத்தின் பெயர்) மாறுகிறது, இரண்டு தளங்கள் ஒன்றாகின்றன, பழைய மென்பொருளின் முகவரி அமைப்பு புதியதில் எந்த வழியிலும் வராது என்றால், சரி, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் முகவரியில் தேடல் சொல்லைச் சேர்த்தால் மேலே ஏறலாம் என்பதற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பக்கங்களின் முகவரியை மாற்றுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். முகவரியில் இருக்கும் சொல்லுக்குக் கிடைக்கும் எடை மிகச் சிறியது. அதற்காகப் பல வருட வரவைப் பணயம் வைப்பது தேவையற்ற ஆபத்து. புதிய பக்கங்களுக்குப் புதிய அமைப்பு, பழைய பக்கங்களுக்குப் பழைய முகவரி என்று விட்டுவிட்டாலும் ஒரு குறையும் இல்லை.

பழைய முகவரிகள் எல்லாம் எங்கே இருக்கின்றன?

மாற்றுவது என்று முடிவான பிறகு முதல் வேலை, இருக்கும் முகவரிகளைத் திரட்டுவது. தேடுபொறிகளுக்காகத் தளம் வைத்திருக்கும் பக்கப் பட்டியலான சைட்மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால் முடிந்தது என்று நினைப்பது வழக்கம். சைட்மேப்பில் இருப்பது தளத்துக்குத் தெரிந்த பக்கங்கள் மட்டும். உலகத்துக்குத் தெரிந்த முகவரிகள் அதைவிட அதிகம். இதற்கு முந்தைய வடிவமைப்பின்போது கைவிடப்பட்ட முகவரி, விளம்பரத்துக்காகத் தனியாகப் போட்ட பக்கம், யாரோ ஒருவர் நேரடியாக இணைப்புக் கொடுத்த பிடிஎஃப் கோப்பு, படங்கள் எல்லாம் அதில் வராது.

அதனால் பல பக்கமிருந்தும் சேர்க்க வேண்டும். இணைப்புகளைப் பின்தொடர்ந்து முகவரிகளைத் திரட்டும் ஸ்க்ரீமிங் ஃப்ராக் போன்ற கருவியைத் தளம் முழுக்க ஓடவிடலாம். இலவசப் பதிப்பு 500 முகவரிகளோடு நின்றுவிடும், பெரிய தளத்துக்குப் போதாது. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு இருக்கிறது. தேடலில் காட்டப்பட்ட பக்கங்களையும் வெளியிணைப்பு பெற்ற பக்கங்களையும் அதிலிருந்து தனித்தனியாக எடுக்கலாம். திரையிலிருந்து ஏற்றுமதி செய்தால் 1000 வரிகள்தான் கிடைக்கும் என்பதால், கோப்புறை வாரியாக வடிகட்டிப் பல தடவை எடுக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட நான் நம்புவது சர்வரின் பதிவுகளை. உண்மையில் யார் எந்த முகவரியைக் கேட்டு வந்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. கூகுளுக்காகப் பக்கங்களைப் படித்து வரும் நிரலான கூகுள்பாட் இன்னமும் தட்டிக்கொண்டிருக்கும் பழைய முகவரிகளையும் அதிலேயே பார்க்கலாம். ஆனால் பல சர்வர்களில் பதிவுகள் சில வாரத்துக்கு மேல் தங்குவதில்லை. வேலை தொடங்கும் நாளிலேயே அவற்றைச் சேமித்துவையுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் கொட்டி, இரட்டிப்பை நீக்கி, ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே இரண்டு எண்களை மட்டும் எழுதினால் போதும்: தேடலிலிருந்து வந்த சொடுக்குகள், வெளித் தளங்களிலிருந்து வந்த இணைப்புகள். இரண்டில் ஒன்றாவது உள்ளவற்றை ஓர் ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மீதியைச் சர்வரில் ரீடைரக்ட் விதி எழுதி மொத்தமாக முடித்துக்கொள்ளலாம்.

இனி, எது எங்கே போக வேண்டும். பழைய பக்கத்தில் ஒருவர் தேடி வந்த விஷயம் புதிய தளத்தில் எங்கே இருக்கிறதோ, அங்கே. இதைத் தவிர வேறு விதி இல்லை. நேரான பக்கம் இல்லையென்றால், அதே விஷயத்தைச் சொல்லும் மிக நெருங்கிய பக்கத்துக்கு அனுப்பலாம். மூன்று சிறிய பக்கங்களை ஒரே பக்கமாகச் சேர்த்திருந்தால் மூன்றையும் அதற்கே அனுப்பலாம். விஷயமே இல்லாமல் போய்விட்டதென்றால், 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (பக்கம் நீக்கப்பட்டுவிட்டது) என்று நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது.

பலரும் செய்வது வேறு. பொருத்தம் தேட நேரமில்லாமல், மிச்சம் இருக்கும் அத்தனையையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். நான் முதலில் சொன்ன தளத்தில் நடந்தது இதுதான். பராமரித்தவர்களைக் கேட்டபோது, "எல்லாவற்றுக்கும் 301 போட்டுவிட்டோமே" என்றார்கள். அது பொய்யில்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு விடை தேடி வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே எங்கோ இருக்கிறது என்றால் அவர் திரும்பிப் போய்விடுவார். கூகுளும் இப்படிப்பட்ட திருப்பலை ஏற்பதில்லை. பக்கம் இல்லை என்பதையே சுற்றி வளைத்துச் சொல்வதாக எடுத்துக்கொண்டு சாஃப்ட் 404 என்று குறித்துவிடுகிறது. பழைய முகவரியின் வரவு எங்கும் போய்ச் சேராது.

விதி எழுதும் இடத்தில்

விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் இது. இரண்டு உதாரணங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

பழைய தளங்களில் கட்டுரைகள் எல்லாம் ஒரே கோப்பின் பெயரில் இருக்கும். கேள்விக்குறிக்குப் பிறகு வரும் எண்தான் கட்டுரையை வேறுபடுத்தும். 212 என்றால் ஒரு கட்டுரை, 213 என்றால் இன்னொன்று. அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில், முகவரியை மாற்றி அனுப்பும் ரீரைட் விதி பார்ப்பது கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள பாதையை மட்டும். எண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு மேலே தனியாக ஒரு நிபந்தனை வரி எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் 212க்குப் போட்ட விதியே 213ஐயும் 900ஐயும் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்கு அனுப்பிவிடும். சோதிப்பவர் 212ஐ மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று போய்விடுவார். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேண்டாம் என்று குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், அந்தக் கேள்விக்குறியும் எண்ணும் புதிய முகவரியின் வாலிலும் ஒட்டிக்கொண்டு வரும். பக்கம் திறந்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ஒரே பக்கத்துக்கு இரண்டு முகவரிகள் உருவாகிவிடுகின்றன.

இரண்டாவது, தமிழிலேயே முகவரி வைத்திருக்கும் தளங்களுக்கு. உலாவியில் தமிழாகத் தெரியும் முகவரி, சர்வருக்குப் போகும்போது சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட சரமாகப் போகிறது. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்; ஒவ்வொரு பைட்டும் அங்கே மூன்று எழுத்து. "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள் இருப்பதால் முகவரியில் அது 45 எழுத்து. தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம் வைத்திருக்கிறது. கணக்குப் போட்டால் 22 தமிழ்க் குறிகளைத் தாண்டாது. அதற்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். அதனால் பழைய கட்டுரையின் தலைப்பைப் பார்த்துப் பழைய முகவரியை ஊகிக்க முடியாது. தரவுத்தளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்தச் சரத்தை அப்படியே நகலெடுத்து விதியில் ஒட்டினாலும் வேலை செய்யாது. அப்பாச்சியின் ரீரைட் விதியும் இன்னொரு சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸின், பாதைக்கேற்ப விதி எழுதும் லொகேஷன் பகுதியும் குறிகளை விரித்துத் தமிழாக்கிய பிறகே பொருத்திப் பார்க்கின்றன. விதியிலும் தமிழிலேயே எழுத வேண்டும்.

அப்படி எழுதியும் சில முகவரிகள் மட்டும் பிடிவாதமாக 404 காட்டும். "தொழில்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சரங்கள். ஓகாரத்துக்கும் இதே கதைதான். பல பேர் பல மென்பொருள்களில் தட்டச்சு செய்த தளத்தில் இரண்டு வகையும் கலந்தே இருக்கும். ஷீட்டில் உள்ளவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, பழைய தளத்தில் எது எந்த வடிவத்தில் இருந்ததோ அதற்கும் விதி எழுதினால்தான் இது தீரும். ஒரு மாலை முழுவதும் கண்ணை நம்பித் தேடிவிட்டு, கடைசியில் பைட்டுகளை எண்ணிப் பார்த்துத்தான் நான் இதைக் கண்டுபிடித்தேன்.

தளம் ஏற்கெனவே ஒருமுறை முகவரி மாறியிருந்தால், பழைய விதிகளின் மேல் புதிய விதிகள் அடுக்கடுக்காக ஏறும். முதல் முகவரி இரண்டாவதுக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு, நடுவில் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரிக்கு ஒரு தாவல். கூகுள்பாட் பத்துத் தாவல் வரை பின்தொடரும், அதற்கு மேல் விட்டுவிடும். பத்து வரை போகலாம் என்பது அனுமதிதான், இலக்கல்ல. பழைய விதிகள் எல்லாவற்றையும் திருத்தி, ஒரே தாவலில் கடைசி முகவரிக்குப் போகும்படி வையுங்கள்.

ரீடைரக்ட் தூக்கிச் செல்லாதவை

எல்லா விதிகளும் சரியாக இருந்தும் தரவரிசை விழுவதுண்டு. அப்போது புதிய பக்கத்தைத் திறந்து படித்துப் பாருங்கள். பழையதில் நிறைவான விளக்கம் இருந்திருக்கும். புதியதில் பெரிய படமும் நான்கு வரிகளும் இருக்கும். ரீடைரக்ட் கொண்டுவருவது பழைய பக்கத்தின் வரவை மட்டும்தான். அந்த இடத்தைத் தக்கவைக்க, எதற்காக அந்த இடம் கிடைத்ததோ அது புதிய பக்கத்திலும் இருக்க வேண்டும். தலைப்பும் முக்கிய உரையும் முதல் சுற்றில் அப்படியே இருக்கட்டும். மெருகேற்றுவது பிறகு.

உள் இணைப்புகளும் அதே மாதிரி. வடிவம் எளிமையாக வேண்டும் என்று மெனுவைச் சுருக்கி, "தொடர்புடைய கட்டுரைகள்" பெட்டியை எடுத்துவிட்டால், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குத் தளத்துக்குள்ளிருந்தே வழி இல்லாமல் போகும். சைட்மேப்பில் இருப்பது அதற்கு ஈடாகாது. கட்டுரைகளுக்குள் பழைய முகவரியைச் சுட்டும் இணைப்புகளையும் புதியதாக மாற்றிவிட வேண்டும். ரீடைரக்ட் பார்த்துக்கொள்ளும் என்று விடக்கூடாது. புதிய தளம் முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் ஓடுகிறது என்றால் இன்னும் கவனம் தேவை. பொத்தானைச் சொடுக்கினால்தான் வரும் உள்ளடக்கத்தைக் கூகுள்பாட் பார்ப்பதில்லை, அது சொடுக்குவதில்லை. பழைய தளத்தின் முகவரிகளில் கட்டக்குறிக்கு (#) பின்னால் ஏதாவது இருந்திருந்தால், அந்தப் பகுதி சர்வர் வரை வருவதே இல்லை. அவற்றுக்குச் சர்வரில் விதி எழுத வழியே கிடையாது.

தளம் மாறும் நாளில் பார்க்க வேண்டியது நிறைய இருந்தாலும், பெரிய சேதம் வருவது பெரும்பாலும் மூன்று இடங்களில். சோதனைத் தளத்தைத் தேடுபொறி எடுக்கக்கூடாது என்று போட்டிருந்த நோஇண்டெக்ஸ் குறி அப்படியே வெளித் தளத்துக்கு வந்துவிடுவது. தேடுபொறிகள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் மொத்தத் தளத்தையும் தடுக்கும் அந்த ஒற்றை வரி. அப்புறம், பக்கத்தின் முதன்மை முகவரி எது என்று சொல்லும் கெனானிக்கல் குறி சோதனைத் தளத்தின் முகவரியையே சுட்டிக்கொண்டிருப்பது. பழைய முகவரிகளை ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிடுவதும் தவறு. உள்ளே வர அனுமதி இல்லாத கூகுள்பாட்டுக்கு அங்கே ரீடைரக்ட் இருப்பது எப்படித் தெரியும்? விதிகளைச் சோதிக்கும் நாட்களில் மட்டும் 302 வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். 301ஐ உலாவிகள் நினைவில் வைத்துக்கொள்ளும். தப்பாக ஒன்றை அனுப்பிவிட்டால், திருத்திய பிறகும் சிலருக்குப் பழைய தப்பே திறந்துகொண்டிருக்கும். எல்லாம் சரி என்று தெரிந்ததும் 301ஆக மாற்றிவிட மறக்கக்கூடாது.

வடிவம், முகவரி, டொமைன், உரை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் இருந்தால், விழும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்கவாவது முடியும். சர்ச் கன்சோலில் உள்ள முகவரி மாற்றக் கருவி டொமைன் மாறும்போது பயன்படுத்துவது. ஒரே டொமைனுக்குள் பாதைகள் மாறினால் அதற்கு வேலை இல்லை.

அதன் பிறகு காத்திருக்க வேண்டும். நடுத்தர அளவுள்ள தளத்தின் பெரும்பாலான பக்கங்கள் இடம் மாறவே சில வாரங்கள் ஆகும் என்று கூகுளே சொல்கிறது. பெரிய தளத்துக்கு இன்னும் கூடுதல். அந்த வாரங்களில் வரைபடம் ஏறி இறங்குவது இயல்பு. மொத்த வரைபடத்தைப் பார்த்துப் பதறாமல், பக்க வகை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எல்லா வகையும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கியிருந்தால் பொறுக்கலாம். ஒரே ஒரு கோப்புறை மட்டும் தரையில் கிடந்தால் அங்கே விதி உடைந்திருக்கிறது. அன்றைக்கே பார்க்க வேண்டும். பழைய முகவரிப் பட்டியலை முழுசாக ஓடவிட்டு, ஒவ்வொன்றும் ஒரே 301இல் சரியான பக்கத்துக்குப் போய் 200 (பக்கம் சரியாகக் கிடைத்தது) காட்டுகிறதா என்று வெளியிட்ட அன்றும், ஒரு வாரம் கழித்தும் பார்ப்பது என் வழக்கம். முதல் மாதம் முழுவதும் சர்வர் பதிவில் 404 வரிகளைத் தினமும் படிப்பேன். ஷீட்டில் வராமல் தப்பிய முகவரிகள் அங்கேதான் தலைகாட்டும்.

இந்த ரீடைரக்ட்களைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள் என்பது கூகுளின் அறிவுரை. நான் எடுக்கவே வேண்டாம் என்பேன். வேறொரு தளத்தில் இருக்கும் பழைய இணைப்பை ஒருவர் எப்போது சொடுக்குவார் என்று யாருக்கும் தெரியாது. டொமைன் மாறியிருந்தால் இதோடு செலவும் சேர்கிறது. பழைய டொமைனைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும், அதன் பாதுகாப்புச் சான்றிதழையும் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழைத்தான் மறந்துவிடுகிறார்கள். அது காலாவதியானால், சர்வர் ரீடைரக்டைச் சொல்வதற்கு முன்பே உலாவி எச்சரிக்கையைக் காட்டி வருபவரை நிறுத்திவிடும். அந்த இரண்டு தேதிகளையும், புதிய தளத்தைப் பார்த்துக்கொள்பவரின் நாள்காட்டியிலேயே எழுதிவையுங்கள்.